பழுப்பு நிறம், ஆண்

இரண்டாம் செவ்வாய், நான்காம் செவ்வாய்,
மாலை ஏழு மணி.
தீயணைப்பு நிலையத்தின் மாடியில்
ஐந்து நாற்காலி, ஒரு கொடி,
சூடேறும்போது முனகுகிற ஒரு ஹீட்டர்.
நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
மூவாயிரத்துச் சொச்சம் பேரை
அந்த ஐந்து நாற்காலிகள் ஆள்கின்றன.
என்னுடையது ஆறாவது.
குறிப்பெழுதுபவளுக்கு வாக்கு கிடையாது.

ஜனவரி எட்டு. முதலில் ரயில்.
இரவு இரண்டு மணிக்கு ஊதித் தொலைக்கிறது என்று
திருமதி ஹ்ருஸ்கா ஒன்பதாம் வருடமாகச் சொன்னார்.
பதிவு செய்யப்பட்டது.
பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பெயின்ட்,
வெள்ளையா இளநீலமா, நாற்பது நிமிடம்.
வீட்டில் கோழி வளர்க்கலாமா?
கோழி சரி, சேவல் கூடாது.
அதற்கும் பிறகுதான் நாய்கள்,
எல்லோருக்கும் பசியெடுத்த நேரத்தில்.

காப்பகம் என்று தீர்மானங்களில் எழுதுவேன்.
ஊர் ஓரத்துப் பழைய பம்ப் அறைதான் அது.
பதினொரு கூண்டு, ஒரு குழாய்,
ஒரு லவான் வோடிச்கா.
நாய் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு
நகராட்சி தருவது பதினான்கு டாலர்.
மீதி லவானின் பர்ஸிலிருந்து என்பது
ஊருக்குத் தெரியும்,
கணக்குப் புத்தகத்துக்குத் தெரியாது.

யாரும் தேடி வராத நாயை
ஐந்து நாள் வைத்திருக்கலாம் என்கிறது விதி.
ஆறாம் நாள் காலை
மருத்துவருக்கு ஒரு போன்.
ஐந்தைப் பத்தாக்கலாமா என்பதே கேள்வி.
உறுப்பினர் ஓல்ட்மன்ஸ் புள்ளிவிவரம் கேட்டார்.
இல்லை.
ஒத்திவைக்கலாமே என்றார் மேயர்.
ஐந்து கைகளும் உயர்ந்தன,
அதில் ஒன்று கோட்டுக்குள் பாதி நுழைந்திருந்தது.
ஒத்திவைப்பு என்றால் பதினான்கு நாள்.
எனக்குக் கழித்தல் தெரியும்.
குறிப்பில் அதற்கு இடமில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்
சேர்க்கைத் தாள்கள் என் மேசைக்கு வந்தன.
ஜனவரி மூன்று: பழுப்பு நிறம், ஆண், இடது காதில் பிளவு.
சோளக் கிடங்கு அருகே பிடிபட்டது.
ஜனவரி எட்டு: மண்நிறம், ஆண், காதில் வெட்டு.
லூத்தரன் சர்ச் வாசல்.
ஜனவரி பதின்மூன்று: பால் தூக்கலான காபி நிறம், ஆண்,
இடக்காது இரண்டு போலத் தெரியும்.
சலவைக்கடை.
பதினெட்டாம் தேதி லவானிடம் நிறங்கள் தீர்ந்துவிட்டன.
பழுப்பு, மறுபடியும்.
பிடிபட்ட இடம்: தீயணைப்பு நிலையத்தின் பின்புறம்.
எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே!

நான்கு தாளையும் ஒரே கிளிப்பில் கோர்த்தேன்.
ஒருவேளை கோர்த்திருக்கக் கூடாது.

ஓல்ட்மன்ஸ் நாற்பது வருடம் சோயா விற்றவர்.
நகராட்சிப் பென்சிலுக்கும் ரசீது கேட்பவர்.
நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கினார்.
"மூன்று வாரத்துக்குள் நான்கு நாய்.
நான்கும் ஆண்.
நான்கிற்கும் இடது காதில் கோளாறு."

கடைசி வரிசையில் லவான்
தன் கையுறையின் கிழிசலை எண்ணிக்கொண்டிருந்தார்.
ஹீட்டர்கூட முனகவில்லை.
ஓல்ட்மன்ஸ் தாளைப் புரட்டினார்.
திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.
எதிர் வீட்டு எஞ்சின் ஒன்று
குளிரில் இருமி இருமிக் கிளம்பிப் போகும்வரை
ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
"இந்தக் குளிர் நம் ஊர்க் காதுகளுக்கு
ஆகவில்லை போலிருக்கிறது" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
"செலவை முன்மொழிகிறேன்."

இருபது நாள், இருநூற்று எண்பது டாலர்.
ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இல்லை.
ஐந்தைப் பத்தாக்கும் விதி
மறுபடி ஒத்திவைக்கப்பட்டது.
புள்ளிவிவரம் இன்னும் வரவில்லை.

மறுநாள் இருபத்துமூன்று.
தொட்டிக்கு இளநீலம் என்று
நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது
போன் அடித்தது.
லவான். பின்னால் குரைப்பு,
யார் குரல் என்று எனக்கு இப்போது தெரியும்.
பேனா கையிலிருக்கிறது என்றார்,
அதற்கு மேல் பேசவில்லை.
நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
எனக்கு வாக்கு கிடையாது.

"கோதுமை நிறம்" என்றேன்,
"இன்னும் எழுதவில்லை."